நூற்று நாற்பத்து மூன்று பேரின் தண்ணீர்

எங்கள் தெருவுக்கென்று தனி ஓட்டுச்சாவடி உண்டு. தெருக்கோடிப் பள்ளிக்கூடத்தில் ஒரே ஓர் அறை. அதனால் ஓட்டு எண்ணி முடித்த அன்றே எங்கள் தெருவின் மனசில் என்ன இருந்தது என்பது ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும். போன கவுன்சிலர் தேர்தலில் விழுந்தவை நூற்று நாற்பத்தெட்டு. லாரிக்காரருக்கு நூற்று நாற்பத்து மூன்று. செல்லாதவை இரண்டு. பாட்டிலம்மாவுக்கு மூன்று.

மூன்று என்று கேட்டதும் தெருவே அதிர்ந்துபோன மாதிரி நடித்தது. நானும் நடித்தேன். மற்றவர்களைவிட என் நடிப்பு ஒரு படி மேல் என்றுதான் சொல்ல வேண்டும். நெஞ்சில் கை வைத்துச் சுவரில் சாய்ந்துகொண்டேன்.

பாட்டிலம்மா என்றதும் தப்பாக நினைத்துவிட வேண்டாம். அந்த அம்மா குடிநீர் சோதனைக் கூடத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். யார் வீட்டுக்குப் போனாலும் குடிக்கக் கொடுத்த தண்ணீரை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து, நகைக்கடைக்காரர் கல்லைப் பார்ப்பது போல ஒரு பார்வை பார்ப்பார். பிறகு குடிக்காமல் கீழே வைத்துவிடுவார். வந்த இடத்தில் இப்படிச் செய்தால் வேறு என்ன பெயர் வைப்பார்கள்? நேரில் மேடம், முதுகுக்குப் பின்னால் பாட்டிலம்மா.

லாரிக்காரருக்கும் சுவரெல்லாம் அச்சடித்த பெயர் ஒன்று இருக்கிறது. ஆனால் மச்சான் பெயரில் ஆறு தண்ணீர் லாரி ஓட்டுகிறவரை வேறு எப்படிக் கூப்பிடுவது? ஒன்றுவிட்டு ஒருநாள் காலையில் லாரி வரும், குழாயை நீட்டுவார்கள், குடமும் வாளியும் டிரம்முமாக நாங்கள் மொய்ப்போம். யார் வாசலில் நிற்கிறது, யார் வாசலைத் தாண்டிப் போகிறது என்பதெல்லாம் ஓட்டுநர் கையில். ஓட்டுநர் கை லாரிக்காரர் கையில்.

தேர்தலில் பாட்டிலம்மா நின்றதே குழாய்க்காகத்தான். அப்போது தெருவோரம் பள்ளம்கூடத் தோண்டிவிட்டார்கள்; நீல நிறக் குழாய்கள் அடுக்கடுக்காகக் கிடந்தன. “வேலை பாதியில நிக்குது. என்னை அனுப்புங்க, முடிச்சுத் தரேன்” என்று வீடு வீடாக வந்து சொன்னார். “உங்களுக்கு இல்லாம யாருக்கு மேடம்” என்று நாங்கள் எல்லோரும் சொன்னோம். மனசாரத்தான் சொன்னோம். அதுதான் இதில் வேடிக்கை.

ஏனென்றால் ஒவ்வொருவரும் தனித்தனியாக ஒரே கணக்கைப் போட்டிருந்தோம். இந்த அம்மா எப்படியும் ஜெயித்துவிடும். ஊரே போடப்போகிறது. என் ஒரே ஓர் ஓட்டை லாரிக்காரர் பக்கம் தள்ளி வைத்தால் குழாய் வருகிற வரைக்கும் லாரி என் வாசலைத் தாண்டிப் போகாது. லாரிக்காரரின் ஆட்கள் வேறு சாவடி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வெளியே வருகிறவர்களின் முகத்தை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்து நிம்மதியாகச் சிரிக்க வேண்டுமே. ஆகவே நல்லது வரட்டும், அதை அடுத்த வீட்டுக்காரர் கொண்டுவரட்டும் என்று விட்டுவிட்டோம்.

இதில் ஒளிவு மறைவில்லாமல் லாரிக்காரர் பக்கம் பேசிய ஒரே ஆள் டெய்லர்தான். மனைவி போன பிறகு ஒற்றை மகளை வளர்த்தவர். கடையில் ஊசியைவிட வாய்க்குத்தான் வேலை அதிகம். “தண்ணிய குடிக்கத்தானே போறோம், பரிட்சையா எழுத வைக்கப் போறோம்?” என்று ஒருநாள் கத்தரிக்கோலை ஆட்டி ஆட்டிச் சொன்னார். கடையில் இருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அடுத்த நாள் அது தெரு முழுக்கப் பரவியது. பரப்பியதில் என் பங்கு எவ்வளவு என்று கேட்காதீர்கள்.

வார்டு முழுக்க எண்ணியபோது பாட்டிலம்மா நூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் தோற்றிருந்தார். அவருடைய வீட்டுக்காரர் ரயிலில் கார்டாக இருந்தவர், நிமிஷக் கணக்குப் பார்த்தே பழகியவர். “உங்க தெருவுல ஐம்பத்தேழு பேர் சொன்ன சொல்லைக் காப்பாத்தியிருந்தா போதும்” என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசலில் நின்று சொன்னார். அவரும் அதே தெருவில்தான் இருக்கிறார் என்பதை யாரும் ஞாபகப்படுத்தவில்லை.

அன்று சாயங்காலத்திலிருந்து துக்கம் விசாரிக்க ஆள் போனபடி இருந்தது. “மேடம், அந்த மூணுல ஒண்ணு என்னோடது” என்றார் இஸ்திரிக்காரர். மளிகைக்கடைக்காரர் தம்பதி சகிதமாகப் போய் “ரெண்டு எங்களோடது” என்றார். நான் கணக்கெடுத்த வரையில் அந்த மூன்று ஓட்டையும் நாற்பத்தொரு பேர் போட்டிருந்தார்கள்.

என் முறை வந்ததும் நானும் போனேன். பாட்டிலம்மா டீ கொடுத்தார். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “மத்தவங்க எப்படியோ மேடம், அதுல ஒண்ணு நான் போட்டது” என்றேன்.

“சந்தோஷம்மா. எங்க வீட்டுல நாலு ஓட்டு இருக்கு. தெரியும்தானே?” என்றார்.

தெரியும் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். வாசல் படி இறங்கும்போதுதான் சுரீர் என்றது. அவர், வீட்டுக்காரர், மகன், மருமகள். நாலு. விழுந்ததோ மூன்று. அத்தனை பேர் சொன்ன பொய்யையும் அந்த அம்மா சர்க்கரை போட்டுக் கலக்கிக்கொண்டே கேட்டிருக்கிறார்! அதோடு, வீட்டுக்குள்ளேயே ஒரு ஆள். யார் அது? இந்தக் கேள்வி என்னை எத்தனை நாள் தூங்கவிடாமல் அடித்தது என்பதை என் வீட்டுக்காரரைக் கேட்டால் சொல்வார்.

லாரிக்காரர் ஜெயித்த இரண்டாம் மாதம் பள்ளத்தை மூடினார்கள். நீலக் குழாய்கள் ஒருநாள் வண்டியேறிப் போயின. எங்கே என்று யாரும் கேட்கவில்லை. லாரி மட்டும் தவறாமல் வந்தது. முதலில் நன்றாகத்தான் இருந்தது தண்ணீர். ஆறேழு மாதம் கழித்து ஒரு வாடை வர ஆரம்பித்தது. துணி போட்டு வடிகட்டினோம்; துணியில் பச்சையாக ஏதோ தங்கியது. ஊருக்கு வெளியே கைவிட்ட கல்குவாரிப் பள்ளம், அதன் மேல்விளிம்பில் சாக்கடை வாய்க்கால், அங்கிருந்துதான் லாரி நிரம்புகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது போல இருக்கவும் எல்லோருக்கும் தெரியும்.

ஒன்றரை வருஷம் ஆயிற்று. ஒருநாள் பட்டன் தைக்க டெய்லர் கடைக்குப் போனேன். காஜா எடுத்துக்கொண்டிருந்த டெய்லர் மகள் நிமிர்ந்து பார்த்தாள். ஏழாம் மாதம் அவளுக்கு. புருஷன் கப்பலில் வேலை. அதனால் அப்பாவோடு இருந்தாள்.

“என்னடி, கண்ணு இப்படி மஞ்சளா இருக்கு?”

“ரெண்டு நாளா சாப்பாடே இறங்கல அத்தை. வாசனை பட்டாலே குமட்டுது.”

“வயித்துப் பிள்ளைக்காரிக்கு அப்படித்தான் இருக்கும்” என்றார் டெய்லர், மெஷினை நிறுத்தாமல்.

“அண்ணே, குமட்டல் சரி. கண்ணுமா மஞ்சளாகும்?”

அப்போதுதான் அவர் கால் நின்றது.

ஆஸ்பத்திரியில் மஞ்சள் காமாலை என்றார்கள். கர்ப்பிணிக்கு வந்தால் கேட்கவே வேண்டாமாம், தாய் பிள்ளை இரண்டையும் கொண்டுபோய்விடுமாம். பத்து நாள் அவள் கண்ணைத் திறப்பதும் மூடுவதுமாகக் கிடந்தாள். டெய்லர் கடை பூட்டியே கிடந்தது. தெருவில் அதே நேரத்தில் இன்னும் ஏழு பேருக்குக் காமாலை. மளிகைக்கடைக்காரரின் மூத்த மகனும் அதில் சேர்த்தி. பதினோராம் நாள் அவள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாள். டாக்டர் டெய்லரைத் தனியாகக் கூப்பிட்டு, “பிழைச்சது பெரிய விஷயம். இந்த நிலைமையில இன்னொரு தடவை வயிறு கெட்டா என்னால ஒண்ணும் செய்ய முடியாது. அந்தத் தண்ணி இருக்கிற வீட்டுக்கு இவங்களை அனுப்ப மாட்டேன். ரெண்டு வாரம் இங்க வச்சுப் பார்க்கிறேன். அதுக்குள்ள வழி பண்ணுங்க” என்றார்.

டெய்லர் நேராகப் பாட்டிலம்மா வீட்டுக்குப் போனார். நான் ஜன்னலில்தான் இருந்தேன். அங்கே இல்லாமல் எங்கே இருப்பேன்? படியிலேயே நின்றுகொண்டு, உள்ளே போகாமல் பேசினார்.

“மேடம், நான் உங்களைப் பத்தி என்ன பேசினேன்னு உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும். நல்லாத்தான் பேசினீங்க, எனக்கே சிரிப்பு வந்துச்சு. உள்ள வாங்க.”

“கொதிக்க வச்சுக் குடுத்தா ஆகாதா மேடம்?”

“குடிக்கிறதைக் கொதிக்க வைக்கலாம். பாத்திரம் கழுவுறது, வாய் கொப்பளிக்கிறது, குளிக்கிறது? பிறக்கப்போற பிள்ளையைக் குளிப்பாட்டுறது? தண்ணி எடுக்கிற இடத்தையே நிறுத்தணும். மனு குடுப்போம்.”

சுகாதார அலுவலகத்தில் ஒரு விதி இருந்தது. ஒருவர் புகார் கொடுத்தால் பதிவேட்டில் ஏறும், அங்கேயே குடியிருக்கும். ஒரே ஓட்டுச்சாவடியைச் சேர்ந்த இருபத்தைந்து வாக்காளர்கள், வாக்காளர் பட்டியல் எண்ணோடு கையெழுத்துப் போட்டால் தண்ணீர் எடுக்கும் இடத்துக்கு உடனே சீல் வைத்து, சோதனைக்கு எடுத்தே ஆக வேண்டும். டெய்லர் படிவத்தோடு கிளம்பினார்.

முதல் வீடு பாட்டிலம்மாவுடையதுதான். நாலு பேரும் போட்டார்கள். கார்டு வேலை பார்த்த அவருடைய வீட்டுக்காரர் பேனாவை வாங்கி மூடியைத் திருகினார். பிறகு டெய்லரைப் பார்த்துச் சொன்னார்: “இவளுக்கு ஓட்டுப் போடாத அந்த ஆள் நான்தான். இவ ஜெயிச்சுடுவான்னு நினைச்சேன். லாரி நின்னுடுமேன்னு பயமாவும் இருந்துச்சு. எண்ணின அன்னைக்கே இவகிட்ட சொல்லிட்டேன்.”

அப்பாடா என்றிருந்தது எனக்கு. அந்தச் செய்தியைக் கேட்கத்தான் டெய்லரோடு துணைக்குப் போனதாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முழுக்க அப்படி இல்லை. பாட்டிலம்மா மட்டும் முகத்தில் எதையும் காட்டாமல், “உங்க எண் நாப்பத்தாறு, நாப்பத்தேழு இல்ல. சரியா எழுதுங்க” என்றார்.

மற்ற வீடுகளில் அவ்வளவு சுலபமாக இல்லை. ஒருவருக்குப் பட்டியல் எண் ஞாபகமில்லை. ஒருவருக்கு வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும். வீட்டுக்காரருக்கு வீட்டுக்காரியைக் கேட்க வேண்டும். மளிகைக்கடைக்காரர் தராசைத் துடைத்துக்கொண்டே, “என்ன டெய்லர், தண்ணிக்குப் பரிட்சை வைக்கக் கிளம்பிட்டீங்க போல” என்றார்.

டெய்லர் அதை வாங்கிக்கொண்டார். “உன் மகனும்தான் படுத்தான்.”

“அவன் எந்திரிச்சுட்டான்ல.”

“என் மகளுக்கு வயித்துல பிள்ளை.”

“லாரி நின்னா என் வீட்டுல எட்டுப் பேருக்குத் தண்ணி யார் தருவா? நீங்களா தைச்சுத் தருவீங்க?”

மூன்று நாள் அலைந்து, நடுவில் ஒருநாள் ஒரு வீட்டு வாசலில் அவர் அழுதுவிட்ட பிறகு, இருபத்தெட்டுக் கையெழுத்து சேர்ந்தது. என்னுடையது பதினேழாவது. போட்டபோது எனக்கே என் மேல் ஒரு மரியாதை வந்தது. அதை நாலு பேரிடம் சொல்லவும் சொன்னேன்.

அதிகாரி வந்தார். குவாரிப் பள்ளத்தில் சீல் வைத்தார். பாட்டில்களில் தண்ணீர் பிடித்துக்கொண்டார். முடிவு வரப் பதினைந்து நாள், அது மோசமென்றால் மறுபடி குழாய் வேலை தொடங்க உத்தரவு, அதுவரை வாரம் ஒருமுறை அலுவலக லாரி என்றார். வாரம் ஒருமுறை! நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அடுத்த வார்டில் குழாய் உண்டு. அங்கே போய் வரிசையில் நின்றோம். அந்தத் தெருப் பெண்கள் எங்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே! “ஏன், உங்க கவுன்சிலர்கிட்ட ஆறு லாரி இருக்குதாமே?” என்று ஒருத்தி கேட்டாள். “இருக்குது, தண்ணிதான் இல்ல” என்று இன்னொருத்தி பதில் சொன்னாள். சிரித்தார்கள். எங்கள் குடங்களைக் கடைசியில்தான் விட்டார்கள். நாலாம் நாள் எனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. இஸ்திரிக்காரர் துணியில் தெளிக்கவே தண்ணீர் இல்லாமல் பெட்டியை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தார்.

ஐந்தாம் நாள் லாரிக்காரர் தெருவுக்கு வந்தார். கோபமில்லை, கத்தலில்லை. மளிகைக்கடை பெஞ்சில் உட்கார்ந்து டீயை ஊதி ஊதிக் குடித்தார். டெய்லர் போய் எதிரில் நின்றார்.

“என் மகளைப் படுக்க வச்சுட்டியே” என்றார்.

“பாப்பா எப்படி இருக்கு? நானே ஆஸ்பத்திரிக்கு வரணும்னுதான் இருந்தேன் அண்ணே” என்றார் லாரிக்காரர். நிஜமாகவே விசாரிக்கிற மாதிரிதான் இருந்தது. “ஆனா ஒண்ணு கேக்கிறேன். நான் என்ன சொல்லி ஓட்டு வாங்கினேன்? தண்ணி தரேன்னு சொன்னேன். நல்ல தண்ணின்னு எந்த போஸ்டர்லயாவது போட்டிருந்தேனா? நல்ல தண்ணி தரேன்னு சொன்னவங்களும் நின்னாங்க. அவங்களுக்கு மூணு பேர் போட்டீங்க. எனக்கு நூத்தி நாப்பத்து மூணு. கேட்டது வந்துச்சு. இப்ப நீங்கதான் வேண்டாம்னு கையெழுத்துப் போட்டு நிறுத்தியிருக்கீங்க. நான் நிறுத்தல.”

எனக்கு அந்த ஆளை அறைய வேண்டும் போல இருந்தது. அவர் சொன்னதில் எந்த இடத்தில் அறைவது என்றுதான் தெரியவில்லை.

டெய்லர் மட்டும் சொன்னார்: “நான் போட்டேன். உனக்குத்தான் போட்டேன். வாய்கிழியப் பேசிப் பத்துப் பேரைப் போடவும் வச்சேன். அதுக்காக எம் பொண்ணு சாகணும்னு எழுதிக் குடுத்தேனா?”

லாரிக்காரர் டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் மளிகைக்கடைக்காரர் ஒரு காகிதத்தோடு வீடு வீடாக வந்தார். “இது யாருக்கும் எதிர்ப்பு இல்லக்கா. லாரி வரணும்னு சும்மா ஒரு வேண்டுகோள், அவ்வளவுதான்.” கடைசி வரியில் “எங்களுக்கு வழங்கப்படும் தண்ணீரில் குறை ஏதும் இல்லை” என்று இருந்தது. படிக்காமல் போட்டுவிட்டேன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். படித்தேன். இடுப்பைப் பிடித்துக்கொண்டே படித்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டே போட்டேன். நூற்றுப் பதினாறு பேர் போட்டிருந்தோம்.

அடுத்த திங்கட்கிழமை சுகாதார அலுவலகத்திலிருந்து ஒன்பது பேருக்கு அழைப்பு வந்தது. இரண்டு மனுவிலும் கையெழுத்து இருந்த ஒன்பது பேர். காலைப் பேருந்தில் ஒன்றாகவே போனோம். ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஒன்றாகப் போவது சிரமமான காரியம். அலுவலக வராந்தாவில் டெய்லர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். அவர் மகளுக்குத் துணையாகப் பாட்டிலம்மா ஆஸ்பத்திரியில் இருந்தார்.

அதிகாரி வெளியே வந்து இரண்டு காகிதத்தையும் காட்டினார். “தண்ணியால நோய் வருதுன்னு ஒண்ணு. தண்ணியில குறையே இல்லைன்னு ஒண்ணு. ரெண்டும் நீங்களே. ரெண்டும் உண்மையா இருக்க முடியாது. ஒவ்வொருத்தரா உள்ள வாங்க, ஒண்ணுல பேரை அடிங்க. முதல் மனுவுல இருபத்தஞ்சு நின்னா சீல் இருக்கும். குறைஞ்சா எடுத்துடுவேன். எனக்கு விதிதான்.”

கதவு சாத்திக்கொண்டது. டெய்லர் எங்களைப் பார்க்காமல் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். “டாக்டர் வியாழக்கிழமை அனுப்பிடுவேன்னுட்டார். அடுத்த நோயாளிக்குக் கட்டில் வேணுமாம்” என்று மட்டும் சொன்னார்.

நாங்கள் ஒன்பது பேரும் வேப்பமரத்தடியில் கூடினோம். அப்போது ஒரு கணக்குச் சொன்னேன். ஆமாம், நான்தான். “இருபத்தெட்டு பேர் போட்டிருக்கோம். இருபத்தஞ்சு போதும். மூணு பேர் அடிச்சாலும் மனு நிக்கும். ரொம்ப முடியாதவங்க மூணு பேர் அடிச்சுக்கட்டும். மிச்சம் ஆறு பேர் கெட்டியா நிக்கணும்.”

எல்லோருக்கும் உயிர் வந்தது. யார் அந்த மூன்று பேர் என்பதில் கொஞ்சம் தள்ளுமுள்ளு. தொழிலே தண்ணீரை நம்பி இருப்பதால் இஸ்திரிக்காரர். இடுப்பில் பிள்ளையோடு அடுத்த வார்டு வரை நடக்க முடியாததால் கைக்குழந்தைக்காரி. மாடியில் தனியாக இருக்கும் பெரியவர். “நாங்க ஆறு பேரும் அசைய மாட்டோம்” என்று நான் எல்லோர் சார்பிலும் வாக்குக் கொடுத்தேன்.

நான் நாலாவது ஆளாக உள்ளே போனேன். சின்ன அறை. ஒரு மேஜை, ஒரு பேனா. அதிகாரி முகத்தைத் திருப்பி ஜன்னலைப் பார்த்துக்கொண்டார், ஓட்டுச்சாவடியில் பார்ப்பார்களே, அதைப் போல. அடித்த பெயர்கள் தெரியாதபடி ஒரு அட்டையால் மறைத்து என் வரியை மட்டும் காட்டினார்.

“எத்தனை பேர் அடிச்சாங்க சார்?”

“அதைச் சொல்ல மாட்டேன்.”

பேனாவை எடுத்தேன். சத்தியமாக லாரி மனுவில் அடிக்கத்தான் எடுத்தேன். அப்போது ஒரு யோசனை வந்தது. கைக்குழந்தைக்காரி இளகிய மனசுக்காரி, டெய்லர் முகத்தைப் பார்த்து மனசு மாறியிருப்பாள். பெரியவர் பேனா பிடிக்கவே கை நடுங்குகிறவர், முதல் மனுவில் அடித்திருக்க மாட்டார். அப்படியானால் ஒரு இடம், ஏன் இரண்டு இடமே காலியாக இருக்கும். அந்தக் காலி இடத்தில் நான் அடித்தால் யாருக்கும் நஷ்டமில்லை. நாளைக்குச் சீல் வைக்கச் சொன்னவர்கள் பட்டியல் லாரிக்காரர் கைக்குப் போகும்போது என் பெயர் மட்டும் அதில் இருக்காது.

அடித்தேன். பதினேழாவது பெயர், ஒரு கோடு. நேர்கோடாகத்தான் விழுந்தது.

வெளியே வந்ததும் டெய்லர் பக்கத்தில் போய்க் குனிந்து, “நான் அடிக்கலண்ணே” என்றேன். அவர் தலையாட்டினார். எனக்கு முன்னால் போனவர்களும் பின்னால் வந்தவர்களும் ஒவ்வொருவராக அதையே சொன்னார்கள். மூன்று பேரில் ஒருவரான கைக்குழந்தைக்காரிகூட, “மனசு கேக்கலண்ணே, நான் அடிக்கல” என்றாள். இஸ்திரிக்காரரும், பெரியவரும் அதே. கேட்கக் கேட்க டெய்லர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தது. அவர் நம்பிவிட்டார். அதைப் பார்க்கத்தான் எனக்கு முடியவில்லை.

அதிகாரி காகிதத்தோடு வெளியே வந்தார். “இருபத்தெட்டுல ஒன்பது போச்சு. நிக்கிறது பத்தொன்பது. சீல் எடுக்கச் சொல்லிடறேன்.”

ஒன்பது பேரில் ஒன்பதும் போனால் மிச்சம் எத்தனை என்று தெரிந்துகொள்ள யாருக்கும் படிப்பு தேவைப்படவில்லை. கைக்குழந்தை மட்டும் ஏதோ சத்தம் போட்டது.

டெய்லர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நாங்களும் பதிலுக்கு ஏதாவது கத்தி வீட்டுக்குப் போயிருப்போம். அவர் எழுந்து எழுத்தர் ஜன்னலுக்குப் போனார்.

“புதுப் படிவம் ஒண்ணு குடுங்க.”

“மறுபடியும் இருபத்தஞ்சு பேர் வேணும்ங்க.”

“தெரியும்.”

பெஞ்சில் படிவத்தை விரித்து, முதல் வரியில் தன் பெயரையும் எண்ணையும் எழுதினார். பிறகு பேனாவை என் பக்கம் நீட்டினார். பக்கத்தில் நான் நின்றேன் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இருந்திருக்காது.

“அண்ணே, நான் அடிச்சுட்டேன்” என்றேன்.

“ஒன்பது பேரும் அடிச்சீங்க. சொன்னாரே.”

“அந்தக் கணக்குச் சொன்னதே நான்தான். மூணு பேர் அடிக்கலாம்னு.”

அவர் நீட்டிய பேனாவை இழுத்துக்கொள்ளவில்லை.

“இப்பப் போடறேன்” என்றேன்.

“நாளைக்குக் கடைக்காரர் இன்னொரு காகிதத்தோட வந்தா?”

மாட்டேன் என்று சொல்ல வாய் வந்தது. இந்த மாதிரி வாக்கு எத்தனையோ கொடுத்தாயிற்று, ஒவ்வொரு தடவையும் நன்றாகவே சொல்லியிருக்கிறேன். “தெரியலண்ணே. இடுப்பு வலிச்சா என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியல” என்றேன்.

டெய்லர் என்னை உற்றுப் பார்த்தார். “ரெண்டு வருஷத்துல எங்கிட்ட நீ நிஜம் பேசினது இதுதான் தங்கச்சி. எண்ணைச் சரியா எழுது.”

எழுதினேன். இரண்டாவது வரி. அவர் பேனாவை வாங்கி மூன்றாவது வரிக்காக மற்றவர்கள் பக்கம் நீட்டினார். வியாழக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. வாசலில் எங்கள் பக்கம் போகிற பேருந்து வந்து நின்றது. இரண்டு பேர் அதைப் பார்த்தபடி மெதுவாகப் படியிறங்கினார்கள். கைக்குழந்தைக்காரி பிள்ளையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள், கிட்டே வரவும் இல்லை, போகவும் இல்லை. இஸ்திரிக்காரர், கண்ணாடி கொண்டுவரவில்லையே என்றார்.

கண்ணாடி அவர் நெற்றியில் இருந்தது. நான் அதை எடுத்து அவர் மூக்கில் மாட்டிவிட்டேன்.